வண்டியை ஃபைனான்ஸில் எடுத்துவிட்டார்கள்: ஆர்.டி.ஓ.வில் கட்டிய பணம் திரும்ப வருமா?

எங்கள் தெருவில் ஒருவருடைய காரை டியூ கட்டாததால் ஃபைனான்ஸ் கம்பெனி ஆட்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். கவருக்குள் நான்காக மடித்த ஆர்.டி.ஓ. ரசீது ஒன்று. அதை விரித்து வைத்துவிட்டு, "கார்தான் போச்சு, இந்த ஒரு லட்சமாவது திரும்ப வருமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதும், பிறகு மற்றவர்கள் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். எல்லாம் தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளை வைத்து எழுதியது.

முதலில் நேராகச் சொல்லுங்கள். பணம் வருமா, வராதா?

ஆர்.டி.ஓ.விலிருந்து வராது. ஃபைனான்ஸ் கம்பெனி காரை எடுத்ததாலேயே பதிவுக் கட்டணமும் வராது, லைஃப் டாக்ஸ் எனும் ஆயுள் வரியும் வராது. ஆனால் அந்தப் பணம் காற்றில் கரைந்து போகவும் இல்லை. அது இருக்கும் இடம் வேறு. கீழே நான்காவது கேள்வியில் அதைச் சொல்லியிருக்கிறேன். அவசரமென்றால் நேரே அங்கே போங்கள்.

'ரிஜிஸ்ட்ரேஷன் செலவு' என்று ஷோரூமில் மொத்தமாக வாங்கினார்களே, அதில் என்னென்ன இருக்கிறது?

சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் என்பது வெறும் 600 ரூபாய். கடனில் வாங்கியதால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரை ஏற்றியிருப்பார்கள். அந்த ஹெச்.பி. பதிவுக்கு 1,500. அப்புறம் ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம், சாலைப் பாதுகாப்பு வரி என்று சில. இவை எல்லாம் சில்லறை.

பெரிய தொகை லைஃப் டாக்ஸ். 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி, 5 லட்சம் வரை விலையுள்ள புதுக் காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. நம் தெருக்காரர் 2024-ல் வாங்கிய காரின் விலை 8 லட்சம். 13 சதவீதம் போட்டால் 1,04,000. அவர் மடித்து வைத்திருந்த ரசீது அதுதான்.

அரசாங்கத்துக்கு நான் கட்டியது. காரை நான் ஓட்டவே இல்லை என்றால் திருப்பித் தர வேண்டாமா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. பதிவும் வரியும் வண்டியோடு ஒட்டியவை, ஆளோடு அல்ல. கார் கைமாறினாலும் பதிவு எண் அதேதான், கட்டிய லைஃப் டாக்ஸும் அப்படியே தொடர்கிறது. வாங்குபவர் அதே வரியை மறுபடி கட்டுவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 51(5) பிரிவு, தவணை தவறிய வண்டியை எடுத்த கம்பெனி தன் பெயரில் புது ஆர்.சி. வாங்க வழி செய்கிறது. அந்தப் பிரிவே இன்னொன்றும் சொல்கிறது: சொந்த உபயோக வண்டியானால், பழைய ஆர்.சி.க்கு மிச்சமிருந்த காலத்துக்கு மட்டுமே புது ஆர்.சி. செல்லும். 15 ஆண்டுப் பதிவில் இரண்டு ஆண்டு ஓடியிருந்தால் மீதி 13 ஆண்டுதான் கம்பெனிக்கு. பதிவு முடியவில்லை, பெயர்தான் மாறுகிறது. முடியாத ஒன்றுக்கு ரீஃபண்ட் கிடையாது.

அப்படியானால் என் 1,04,000 எங்கே போனது?

ஏல விலைக்குள் போனது. வரி கட்டிய, பதிவு உயிரோடு இருக்கிற, ஓட்டிப்போகத் தயாரான கார் என்பதால்தான் ஏலத்தில் எடுப்பவர் அந்த விலை கொடுக்கிறார். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டால் வரி செல்லும் காலம் என்ற இடத்தில் 'எல்.டி.டி.' என்று வரும், அதாவது ஆயுள் வரி. பழைய கார் வியாபாரிகள் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் ஒன்று.

அதனால் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்பதை விட்டுவிட்டு, ஃபைனான்ஸ் கம்பெனியிடம் விற்பனைக் கணக்கு கேளுங்கள். அடகுப் பொருளை விற்றுக் கடன் போக மிஞ்சியதைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு. உங்கள் கடன் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் இதே மாதிரி ஒரு வரி இருக்கும், பொடி எழுத்தில்.

நம் தெருக்காரருக்கு வந்த கடிதத்தை அப்படியே சொல்கிறேன். பாக்கி அசல் 5,12,000. தவறிய தவணைக்கான வட்டியும் அபராதமும் 21,000. காரை எடுத்துவந்த ஏஜென்சிக்கு 'சீசிங் சார்ஜ்' 18,000. எடுத்த காரை நிறுத்திவைக்கும் யார்டுக்கு வாடகை நாளுக்கு 300 வீதம் 45 நாளுக்கு 13,500. மொத்தம் 5,64,500. கார் விற்றது 5,60,000-க்கு. ஆக, "நீங்கள் இன்னும் 4,500 தர வேண்டும்" என்று கடிதம் முடிந்தது. காரும் போய், வரியும் போய், மேலே கடன் வேறு!

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் தேதிகள் இடித்தன. கார் எடுத்த முப்பதாம் நாளே விற்றாகிவிட்டது. அப்புறம் எதற்கு 45 நாள் வாடகை? எழுத்தில் கேட்டோம். சீசிங் சார்ஜுக்கு ஏஜென்சி கொடுத்த பில்லையும் கேட்டோம். பில் வந்தது, அதில் இருந்தது 9,000 மட்டும். வாடகையும் 9,000 ஆனது. திருத்திய மொத்தம் 5,51,000. இப்போது கம்பெனிதான் அவருக்கு 9,000 தர வேண்டும், தந்தது. ஒரு லட்சம் எதிர்பார்த்தவருக்கு ஒன்பதாயிரம் பெரிதில்லைதான். ஆனால் கடன் பாக்கி என்ற பெயர் போயிற்று. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

கேட்க வேண்டிய காகிதங்கள்: கடன் கணக்கு அறிக்கை, விற்பனைக்கு முன் உங்களுக்கு அனுப்பிய நோட்டீஸ், வண்டியின் மதிப்பீட்டு அறிக்கை, ஏலத்தில் வந்த விலைகள், விற்பனை ரசீது, ஒவ்வொரு சார்ஜுக்கும் பில். ஃபோனில் கேட்டால் "பார்த்துச் சொல்கிறோம் சார்" என்பதோடு நின்றுவிடும். மெயிலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். விற்ற விலை கடனைவிடக் குறைவென்றால் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டும். கார் போனதோடு கடன் தீர்ந்தது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

லைஃப் டாக்ஸ் யாருக்குமே திரும்பக் கிடைக்காதா?

கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. வண்டி வேறு மாநிலத்துக்கு நிரந்தரமாகப் போய் அங்கே மறுபதிவாகி வரியும் கட்டினால், அல்லது வண்டியை உடைக்கக் கொடுத்துப் பதிவை ரத்து செய்தால், வண்டியின் வயதைப் பார்த்து வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதைக் கேட்பவர் அந்த நேரத்தில் ஆர்.சி.யில் உரிமையாளராக இருப்பவர். யார்டிலிருந்து உங்கள் காரை எடுத்த பெங்களூர்க்காரர் அதை அங்கே கொண்டுபோய் ரீஃபண்ட் வாங்கினால் அந்தப் பணம் அவருடையது. ரசீதில் உங்கள் பெயர் இருப்பதால் பங்கு கேட்க முடியாது.

என்னுடையது டாக்ஸி. லோடு வண்டிக்கும் இதே பதில்தானா?

இல்லை, இங்கே கொஞ்சம் வழி இருக்கிறது. வாடகை வண்டிகளில் பலவற்றுக்கு வரியைக் காலாண்டு அல்லது ஆண்டுக் கணக்கில் முன்கூட்டியே கட்டுகிறோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கட்டிவிட்டீர்கள், ஏப்ரல் 20-ல் வண்டியை எடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அந்தக் காலாண்டு வரியை உங்களுக்கும் கம்பெனிக்கும் பிரித்து ஆர்.டி.ஓ. தானாகத் தராது. ஆனால் கம்பெனியோடு கணக்குத் தீர்க்கும்போது மீதி நாட்களுக்கான வரியை உங்கள் பக்கம் வரவாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கொடுக்கவே வேண்டும் என்று சட்டத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. பேச்சுவார்த்தையில் நிற்கக்கூடிய ஒரு நியாயம், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம், எடுத்த தேதிக்குப் பிறகு சேரும் வரி. மகிந்திரா ஃபைனான்ஸுக்கும் உத்தரப் பிரதேச அரசுக்கும் நடந்த வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: வாடகை வண்டியை ஃபைனான்ஸ் கம்பெனி கைப்பற்றிய நாளிலிருந்து வரி கட்ட வேண்டியது கம்பெனி. வரி கட்டிய பிறகு வண்டி ஒரு மாதத்துக்கு மேல் ஓடாமல் நின்றால், ரீஃபண்ட் கேட்பதையும் கம்பெனிதான் செய்துகொள்ள வேண்டும். தீர்ப்பு அந்த மாநிலத்து வரிச் சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் எட்டு மாதம் கழித்து உங்கள் பெயருக்கு வரி நோட்டீஸ் வந்தால் பதிலில் குறிப்பிட வேண்டிய தீர்ப்பு இதுதான். கூடவே, வண்டி எடுத்த அன்றே ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு கடிதம்: "இன்ன தேதியில் இன்ன கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டது. இனி வண்டி என் கையில் இல்லை." ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எடுத்த தேதியை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லையே?

இருக்கும், தேடினால். வண்டியை எடுப்பதற்கு முன்னும் பின்னும் உள்ளூர் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் தருவது கம்பெனிகளின் வழக்கம். அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். எடுக்கும்போது ஒரு பட்டியலும் போடுவார்கள்: கிலோமீட்டர் எவ்வளவு, ஸ்டெப்னி 1, ஜாக்கி 1, மியூசிக் சிஸ்டம் 1, டேஷ்போர்டில் பிள்ளையார் 1. அதில் கையெழுத்துக் கேட்பார்கள். தேதியும் நேரமும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு நகலாவது ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆளுக்குச் சாட்சியாக வந்தது ஃபாஸ்டேக். கார் போன அன்று இரவு விக்கிரவாண்டி டோல்கேட்டில் பணம் பிடித்ததாக அவர் ஃபோனுக்கு மெசேஜ் வந்தது. யாரோ ஓட்டிப்போகும் காருக்கு டோல் இவர் கணக்கிலிருந்து.

அந்த ஃபாஸ்டேக் பணம்?

இது நிச்சயம் திரும்ப வரும் பணம், பலரும் மறந்துவிடுவது. டேக் கொடுத்த வங்கியை அழைத்து டேக்கை மூடச் சொல்லுங்கள். கணக்கில் மிச்சமிருப்பதும் ஆரம்பத்தில் கட்டிய செக்யூரிட்டி டெபாசிட்டும் வரும். மெசேஜை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூடுங்கள்.

இன்சூரன்ஸ்?

பாலிசியில் இரண்டு பகுதி உண்டு. தேர்ட் பார்ட்டி பகுதி வண்டிக்குக் கட்டாயம் இருந்தே ஆக வேண்டியது, வேறு பாலிசி இல்லாமல் அதை ரத்து செய்யமாட்டார்கள். சொந்தச் சேதத்துக்கான பகுதியில், கிளைம் எதுவும் வாங்காமல் இருந்தால், மீதி நாட்களுக்குப் பிரீமியம் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பாலிசியில் ஃபைனான்ஸ் பெயரும் ஏறியிருக்கும், அவர்கள் சம்மதம் கேட்பார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'நோ கிளைம் போனஸ்'. இது வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டியவருக்கு 50 சதவீதம் தள்ளுபடி சேர்ந்திருக்கும். கார் உங்கள் பெயரிலிருந்து மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படும். வரி ரசீதைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட இந்த ஒரு கடிதத்தில் லாபம் அதிகம்.

ஆர்.சி. என் கையில்தான் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் வைத்திருந்தால் கம்பெனி இறங்கி வருமா?

வராது. ஆர்.சி. தர மறுத்தாலோ, ஆள் கிடைக்கவில்லை என்றாலோ என்ன செய்வது என்பதற்குத்தான் 51(5) பிரிவே இருக்கிறது. கம்பெனி படிவம் 36-ல் விண்ணப்பிக்கும், ஆர்.டி.ஓ. படிவம் 37-ல் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பும், ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு, பதிவுத் தபாலில். உங்கள் தரப்பைச் சொல்ல அதுதான் வாய்ப்பு. தவணை கட்டியும் எடுத்துவிட்டார்கள், நீதிமன்றத் தடை இருக்கிறது போன்ற வலுவான காரணம் இருந்தால் ஆதாரத்தோடு பதில் கொடுங்கள். வீடு மாறியிருந்தால் பழைய முகவரித் தபாலில் ஒரு கண் வையுங்கள். நோட்டீஸ் பெற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயர் மாறாமலே காரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அபராத மெசேஜ் வருகிறதே?

இது உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம். கடன் வாங்கும்போதே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். அதை வைத்து யார்டிலிருந்து நேராக விற்றுவிடுவார்கள், வாங்கியவர் பெயர் மாற்ற மாதக்கணக்கில் இழுப்பார். சட்டப்படி கடனில் உள்ள வண்டிக்கு, ஒப்பந்தத்தின் கீழ் கையில் வைத்திருப்பவரே 'உரிமையாளர்' என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு சொல்கிறது. ஆனால் விற்ற பிறகு பெயர் மாறாமல் இருந்த ஒரு காரின் விபத்து வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆர்.சி.யில் பெயர் இருந்தவரையே பொறுப்பாளி என்றது. அது கம்பெனி எடுத்துச் சென்ற வண்டி இல்லை, சாதாரண விற்பனை. இருந்தாலும் அந்த வம்பு நமக்கு வேண்டாம். பரிவாகனில் மாதம் ஒருமுறை எண்ணைப் போட்டுப் பாருங்கள். மாறவில்லை என்றால் கம்பெனிக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதுங்கள். அபராதம் வந்தால், எடுத்த தேதிக்கான ஆதாரத்தோடு போக்குவரத்துக் காவலில் ஆட்சேபணை கொடுங்கள்.

பணம் கட்டிக் காரை மீட்டுவிட்டேன். மறுபடி வரி கட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரிலேயே இருந்தால் ஆர்.டி.ஓ.வில் ஒரு வேலையும் இல்லை. கம்பெனி தன் பெயருக்கு மாற்றிவிட்டிருந்தால், பெயர் மாற்றக் கட்டணம் கட்டித் திரும்ப வாங்க வேண்டும், காருக்கு அது 300 ரூபாய். கடனையே முழுதாக முடித்திருந்தால் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வாங்கி ஹெச்.பி.யை அடித்துவிடுங்கள்.

பதிவே ஆகவில்லை. அதற்குள் கடன் ரத்தாகி, கார் ஷோரூமுக்கே போய்விட்டது.

அப்படியானால் கதை வேறு. டீலர் உங்களிடம் வாங்கிய பதிவுச் செலவை இன்னும் அரசுக்குக் கட்டவில்லை என்றால் அது அவர் கையில் இருக்கும் உங்கள் பணம். ரசீது காட்டித் திரும்பக் கேளுங்கள். கட்டிவிட்டதாகச் சொன்னால் அரசு ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் ஒரே வரி இரண்டு முறை பிடித்திருந்தாலும் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து வாங்கலாம்.

வழியில் மறித்து, மிரட்டி, சாவியைப் பிடுங்கி எடுத்தார்கள். அப்போதாவது வரிப் பணத்தைக் கேட்கலாமா?

வரிப் பணம் என்ற பெயரில் இல்லை, நஷ்ட ஈடு என்ற பெயரில் கேட்கலாம். குண்டர்களை வைத்து வண்டி பறிப்பதை 2007-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி, எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எப்படி எடுப்பார்கள், விற்பதற்கு முன் கட்டுவதற்குக் கடைசி வாய்ப்பு உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஃபோன் செய்யக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-ல் சொல்லியிருக்கிறது.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் அனுப்பலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள். மிரட்டல், அடிதடி என்றால் அன்றே காவல் நிலையம்.

ஆர்.டி.ஓ. வாசலில் ஒருவர் 5,000 கொடுத்தால் லைஃப் டாக்ஸை வாங்கித் தருகிறேன் என்கிறார்.

எந்தப் பிரிவில், எந்தப் படிவத்தில் என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்காது. அந்த 5,000-ஐ ஃபாஸ்டேக் மூடிய பணத்தோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியாக: காருக்குள் என் பொருட்கள் இருந்தனவே?

அவை கடனில் சேராதவை, கம்பெனி அவற்றைப் பிடித்து வைக்க முடியாது. அன்றைக்கே ஒரு பட்டியல் எழுதி மெயில் அனுப்புங்கள், யார்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் காணாமல் போவது சகஜம். நம் தெருக்காரர் பட்டியலில் முதலில் எழுதியது பின் சீட்டில் கிடந்த மகளின் ஸ்கூல் பையை. பன்னிரண்டு நாள் கழித்துப் பை வந்தது, டிஃபன் பாக்ஸைத் திறக்காமல் அப்படியே குப்பையில் போட்டார்.